சைக்ஸ் - ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயரின் வரலாறு

அரபு நாடுகளின் வரலாற்றைப் பயின்றோர் 'சைக்ஸ்' என்னும் பெயரை அறிவர். உதுமானியப் பேரரசின் அரபு நிலங்களைப் பிரிட்டனும் பிரான்சும் தமக்குள் பங்கிட்டுக்கொள்ள 1916ஆம் ஆண்டில் மறைவாகச் செய்துகொண்ட உடன்படிக்கை 'சைக்ஸ்-பிக்கோ உடன்படிக்கை' என்றே வழங்குகிறது. அதில் பிரிட்டன் சார்பில் பேசிய சர் மார்க் சைக்ஸ், வட இங்கிலாந்தில் யார்க்ஷயரின் கிழக்குப் பகுதியிலுள்ள ஸ்லெட்மியர் மாளிகைக் குடும்பத்தவர். ஆனால் அப்பெயர் மிகுதியாக வழங்குவது யார்க்ஷயரின் மேற்குப் பகுதியிலாகும்.

இங்கிலாந்தில் 1066இல் நார்மானியர் வெற்றி பெற்ற பின்னரே பரம்பரைக் குடும்பப் பெயர்கள் வேரூன்றலாயின. கொல்லர் 'ஸ்மித்' ஆயினர். ஜானின் மகன் 'ஜான்சன்' ஆனான். வாழிடத்தால் பெயர் பெற்றோரும் பலர். வட இங்கிலாந்து வழக்கில் 'சைக்' என்பது சிற்றோடையைக் குறிக்கும். அதன் கரையில் குடியிருந்தோரே சைக்ஸ் எனப்பட்டனர். இத்தகைய ஓடைகள் நிலங்களுக்கு எல்லையாகவும் அமைவதுண்டு. பிறர் நாட்டு எல்லைகளைப் பேசி முடித்தவருக்கு இப்பெயர் வாய்த்தது வியப்பே!

ஓடைகள் பலவாதலின், ஒன்றோடொன்று உறவில்லாத குடும்பங்கள் பலவும் தனித்தனியே இப்பெயரை ஏற்றிருக்க வேண்டும் என்றே கருதப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக மரபியல் அறிஞர் பிரையன் சைக்ஸ் இக்கருத்தைச் சோதிக்க முற்பட்டார். அவர் தம் பெயரையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டது சுவையானது. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வது. ஆங்கிலேயரின் குடும்பப் பெயரும் பெரும்பாலும் அவ்வழியே செல்வது. எனவே ஒரு பெயருக்கு மூதாதை ஒருவரே எனில், அப்பெயருடைய ஆடவரிடம் ஒரே வகை ஒய் குரோமோசோம் காணப்படுதல் வேண்டும்.

யார்க்ஷயர், லங்காஷயர், செஷயர் பகுதிகளைச் சேர்ந்த சைக்ஸ் ஆடவர் 48 பேரை ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டில் அவர் முடிவை வெளியிட்டார். அவர்களுள் 21 பேரிடம், அதாவது ஏறத்தாழ 44 விழுக்காட்டினரிடம், ஒரே வகை காணப்பட்டது. ஒப்பீட்டுக்காக ஆராயப்பட்ட பிற பெயரினரிடம் அவ்வகை இல்லை. ஆகவே மூதாதை ஒருவரே என்னும் முடிவுக்கு அவர் வந்தார். 48 பேர் என்பது சிறு தொகையே. எனினும் பழைய கருத்தை அசைக்க அது போதுமானதாயிற்று.

எஞ்சியோர் நிலை யாது? தத்தெடுத்தல், தாயின் குடும்பப் பெயரை ஏற்றல், மணத்திற்குப் புறம்பான பிறப்பு ஆகியன காரணங்களாகலாம். சுமார் 700 ஆண்டுகளில் தலைமுறைக்குச் சராசரி 1.3 விழுக்காடு இவ்வாறு நிகழ்ந்திருந்தாலே இந்நிலை விளையும் என ஆய்வு கணக்கிட்டது. அவர்களைப் போலி சைக்ஸ்கள் என எண்ணுதல் பெரும் பிழை. ஒய் குரோமோசோம் காட்டுவது தந்தைவழி ஒன்றையே. தாய்மாரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கிலும் ஹடர்ஸ்ஃபீல்டு நகரைச் சூழ்ந்த கம்பளி நெசவுப் பகுதியிலேயே இப்பெயர் செறிந்திருந்தது. இன்று அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலும் இது வழங்குகிறது. அமெரிக்காவில் ஆப்பிரிக்க வழியினரிடையேயும் இப்பெயர் உண்டு. நகைச்சுவைக் கலைஞர் வாண்டா சைக்ஸ் அவர்களுள் ஒருவர். இவ்வளவு பரவிய பின்னரும், இங்கிலாந்தில் இப்பெயரினரை மிகுதியாகக் காண வேண்டுவோர் மேற்கு யார்க்ஷயருக்கே செல்லுதல் வேண்டும்.