பெரியவர் தட்டில் என்ன இருக்கிறது?

"எதைக் குடுத்தா மறதி வராது?" கண்ணமங்கலத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து உடம்பைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்தக் கேள்வி வராமல் போகாது. வல்லாரையா, பாதாமா, மீன் எண்ணெய் மாத்திரையா என்று கேட்பவர் ஏதாவது ஒரு பெயரை எதிர்பார்க்கிறார். அப்படி ஒற்றைப் பெயர் எதுவும் இல்லை. ஆனால் சொல்ல நிறைய இருக்கிறது. இன்னொரு டீ சொல்லிவிட்டுப் பேசுவோம்.

பக்கத்து ஊரிலிருந்தே தொடங்கலாம். வேலூர் போகிற வழியில் இருக்கும் கணியம்பாடி ஒன்றியத்தில் சி.எம்.சி. மருத்துவமனை பல பத்தாண்டுகளாகக் கிராம சுகாதாரப் பணி செய்துவருகிறது. டிமென்ஷியா என்னும் முதுமை மறதி நோயைப் பற்றி '10/66' என்ற பன்னாட்டு ஆய்வுக்குழு ஆராயப் புகுந்தபோது, இந்தியாவில் நகரத்துக்குச் சென்னையையும் கிராமத்துக்கு வேலூர்ப் பக்கத்தையும் எடுத்துக்கொண்டது. 2008-இல் வந்த முடிவு ஆச்சரியமானது. மேல்நாட்டு அளவுகோலை வைத்துப் பார்த்தால் இங்கே கிராமத்து முதியவர்களில் 0.3 சதவீதம் பேருக்குத்தான் நோய். நம் சூழலுக்கு ஏற்ற சோதனைகளை வைத்துப் பார்த்தபோது அதைவிடப் பல மடங்கு பேர் தெரியவந்தார்கள்.

காரணம் நம் வீடுகளிலேயே இருக்கிறது. மேல்நாட்டு அளவுகோல், அன்றாட வேலை தடைப்படுகிறதா என்று கேட்கும். இங்கே பெரியவருக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பது மருமகள், கடைக்குப் போவது பேரன். அவருக்கு எதுவும் தடைப்படுவதே இல்லை. "வயசாயிடுச்சி, அப்படித்தான் இருப்பாரு" என்று விட்டுவிடுகிறோம்.

அதே குழு 2009-இல் உணவைப் பற்றி எழுதியது. ஏழு நாடுகளில் ஏறத்தாழ 15,000 முதியவர்கள். அடிக்கடி மீன் சாப்பிடுகிறவர்களிடம் மறதி நோய் குறைவாக இருந்தது, எல்லா நாட்டிலும், இந்தியாவைத் தவிர. மீனால் பயனில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. நல்ல மீன் கிடைத்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் தட்டிலிருந்து ஒரு பொருளை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து, மூளையைக் காத்தது இதுதான் என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதற்கு நம் பக்கத்து முதியவர்களே சாட்சி. கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊரில் மீன் என்றால் ஏரி மீன், இல்லையென்றால் உப்பேறிய கருவாடு.

அமெரிக்காவில் கீரை, பருப்பு, கொட்டைகள், மீன் எல்லாம் சேர்த்து 'மைண்ட்' என்று மூளைக்கான ஓர் உணவுமுறையை வகுத்தார்கள். அதைக் கடைப்பிடித்தவர்களுக்கு மூளைத் தேய்மானம் குறைவு என்று 2015-இல் எழுதினார்கள். பிறகு சுமார் 600 பேரை இரண்டாகப் பிரித்து மூன்று ஆண்டு சோதித்தபோது, சாதாரண உணவைக் கொஞ்சம் அளவு குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அது 2023-இல் வெளிவந்தது. ஃபின்லாந்தில் 60 முதல் 77 வயதுவரை உள்ள 1,260 பேரிடம் நடந்த 'ஃபிங்கர்' ஆய்வில் பாதிப் பேருக்கு உணவோடு உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தக் கண்காணிப்பு எல்லாம் சேர்ந்து கிடைத்தன. இரண்டே ஆண்டில் மற்றவர்களைவிட இவர்களிடம் சிறிதாயினும் அளந்து பார்க்கக்கூடிய முன்னேற்றம் தெரிந்தது. எனக்கு இதில்தான் நம்பிக்கை.

மூளையின் எடை உடம்பில் 2 சதவீதம்தான். உடம்பு செலவழிக்கும் சக்தியில் 20 சதவீதம் அதற்குப் போகிறது. அவ்வளவையும் மயிரிழை போன்ற ரத்தக் குழாய்கள் கொண்டுசேர்க்க வேண்டும். உப்பு ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது, சர்க்கரை நோய் குழாயின் உட்சுவரைக் கெடுக்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் குறைக்கச் சொல்வது இதயத்துக்காக மட்டும் இல்லை. அதுவும் நாற்பது, ஐம்பது வயதில், தறியில் உட்கார்ந்து நெய்யும் காலத்திலேயே குறைக்க வேண்டும்.

ஆரணி அரிசிக்குப் பேர்போன ஊர். அதைக் குறை சொல்லவில்லை, அளவைத்தான் சொல்கிறேன். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து 2025-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியர் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து. அரிசிக்குப் பதில் அதே அளவு சிறுதானிய மாவு என்று மாற்றினால் மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தைக் கொஞ்சம் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால், முட்டை, மீன் வந்தால்தான் குறைகிறது. ஜவ்வாது மலைச் சாமை நல்லதுதான். ஆனால் தட்டு நிறையச் சாமைச் சோறும் ஓரத்தில் ஒரு கரண்டி குழம்பும் என்றால் பழைய கதைதான்.

இப்போது பெரியவர் தட்டைப் பார்ப்போம். காலையில் டீ, அதில் நனைத்த ரஸ்க். மதியம் குழைந்த சோறு, ரசம். சாயங்காலம் மறுபடி டீ. ராத்திரி, "எனக்கு ஒரு டம்ளர் கஞ்சி போதும்மா." பல் இல்லை, அதனால் சுண்டல் இல்லை. கீரைப் பொரியலைப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு, மாமியார் கடைசியில் சட்டியில் மிஞ்சியதைப் போட்டுக்கொள்கிறார். தறியில் உட்காரும் மகனுக்கு முட்டை, தார் சுற்றும் அம்மாவுக்கு ஊறுகாய். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் என்னை வருத்துவது இதுதான். வயதானால் உடம்புக்குப் புரதம் குறைவாகப் போதும் என்று நினைக்கிறோம். உண்மையில் கூடுதலாக வேண்டும். கிலோ எடைக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் என்று முதியோர் மருத்துவர்கள் சொல்கிறார்கள். 50 கிலோ அம்மாவுக்குத் தினம் 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. பல் இல்லையென்றால் கடலையை வேகவைத்து அரைக்கலாம், பருப்போடு முருங்கைக்கீரையைக் கடைந்து கொடுக்கலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வைட்டமின் பி12 பற்றியும் சொல்ல வேண்டும். இது குறைந்தால் மறதியும் தடுமாற்றமும் வரும். டிமென்ஷியா போலவே இருக்கும், ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்தால் சரிசெய்யலாம். பால், முட்டை, மீன், இறைச்சியில்தான் இது உண்டு, கீரையில் இல்லை. வயதாக ஆக வயிறு இதை உறிஞ்சுவது குறையும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கும், அசிடிட்டி மாத்திரையை விடாமல் போடுகிறவர்களுக்கும் இன்னும் குறையும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மறதி என்று சொல்லிப் போகிற எந்தப் பெரியவருக்கும் இதைக் கேட்டு எடுங்கள்.

விரதத்தையும் விட்டுவிட முடியாது. ஆடி வந்தால் படவேட்டு அம்மனுக்கு, கிருத்திகைக்கு, அமாவாசைக்கு என்று பாட்டிமார் ஒருவேளை, இருவேளை சாப்பிடாமல் இருப்பார்கள். அவர்கள் பக்தியில் கைவைக்க நான் யார்? ஆனால் சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு வெறும் வயிற்றில் இருந்தால் சில மாத்திரைகளில் ரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கும். மூளைக்கு அதுதான் நேரடி அடி. அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும்போது விரத நாளைச் சொல்லி, அன்றைக்கு எதை எப்படிப் போடுவது என்று மருத்துவரிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று வியர்த்து, உளறி, ஆள் அடையாளம் தெரியாமல் பேசினால் அது வயதில்லை. நினைவிருந்து விழுங்க முடிந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு, விழுங்க முடியாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல், 108-ஐக் கூப்பிடுங்கள்.