வாக்கும் நன்றியும்

தேர்தல் வந்துவிட்டால் நம் அரக்கோணத்துக்குத் தனிக் களை வந்துவிடும். ரயில் நிலையத்தை அடுத்த தேநீர்க் கடையிலும், காலையில் சென்னைக்குச் செல்லும் சீசன் டிக்கெட் பயணிகளிடையிலும் அதே பேச்சு. வீட்டுத் திண்ணையிலும் அதே பேச்சுத்தான். "தாத்தா காலத்திலிருந்து இந்த வீட்டு ஓட்டு ஒரே சின்னத்துக்குத்தான்" என்று ஒரு குரல் எழும். "அவர்கள் நமக்கு என்ன செய்துவிட்டார்கள்?" என்று இன்னொரு குரல் கேட்கும். "அதற்காகக் கட்சியை விட்டுவிட முடியுமா? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பெரியோர் சொல்லவில்லையா?" என்று முதற்குரல் மீண்டும் எழும். பெரும்பாலும் அத்துடன் விவாதம் முடிந்துவிடும்.

இந்தப் பேச்சை நாம் கதவோரம் நின்று கேட்டிருக்கிறோம். இனிக் கதவோரம் நிற்க முடியாது. வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைத்த அரசியலமைப்பின் 61-ஆவது திருத்தம் 1989-இல் நடைமுறைக்கு வந்தது. பள்ளிச் சீருடையைக் களைந்த சில மாதங்களிலேயே நம்மில் பலர் வாக்குச்சாவடியில் வரிசையில் நிற்கப் போகிறோம். ஏமாற்றம் தந்த ஒரு கட்சிக்கு வாக்காளர் தொடர்ந்து விசுவாசமாக இருக்க வேண்டுமா? இக்கேள்வியைச் சற்றே சிந்திப்போம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கட்சிப் பற்று என்பது இகழத்தக்க குணம் அன்று. ஒரு கொள்கைக்காக வெயிலிலும் மழையிலும் கொடி பிடித்து நடந்தவர்கள் நம் குடும்பங்களிலேயே உண்டு. ஒரு சிறு குறைக்காக நேற்றைய நண்பனை இன்று கைவிடுபவரை யாரும் மதிப்பதில்லை. ஒரு நல்ல திட்டம் பலன் தரப் பல ஆண்டுகள் ஆகலாம். பொறுமையற்ற மக்களிடம் எந்த அரசும் நீண்டகாலப் பணி எதையும் செய்ய முடியாது. ஆகவே பற்று வேண்டும். ஆனால் எதுவரை? இங்கேதான் சிக்கல் எழுகிறது.

இச்சிக்கலை விளக்க நம் பகுதியிலேயே ஒரு வரலாறு தொடங்குகிறது. 1954-ஆம் ஆண்டு ஏப்ரலில் இராஜாஜி பதவி விலகிய பின் காமராஜர் முதலமைச்சரானார். அவர் அப்போது சட்டமன்ற உறுப்பினர் அல்லர். எனவே இடைத்தேர்தலில் நிற்க அவர் தேர்ந்தெடுத்த தொகுதி, நம் தோல் தொழில் வட்டாரத்தைச் சேர்ந்த குடியாத்தம். காங்கிரசைக் கடுமையாக எதிர்த்து வந்த திராவிட முன்னேற்றக் கழகம் அந்தத் தேர்தலில் காமராஜரை ஆதரித்தது, பெரியாரும் ஆதரித்தார். மாற்றுக் கட்சியினர் என்றாலும் நல்லது செய்வார் என்று நம்பி வாக்களிக்கலாம் என்ற பாடத்தை அன்றே குடியாத்தம் காட்டிற்று. அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. பள்ளிகள் பெருகின, ஏழைக் குழந்தைகளுக்கு மதிய உணவு கிடைத்தது.

பதின்மூன்று ஆண்டுகள் சென்றன. 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் அதே காமராஜர் தம் சொந்த ஊரான விருதுநகரில், பெ. சீனிவாசன் என்ற இளைஞரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். மாநிலம் முழுவதும் காங்கிரஸ் ஆட்சி வீழ்ந்தது. அரிசித் தட்டுப்பாடும் விலைவாசி உயர்வும் மக்களை வாட்டியிருந்தன. 1965-ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் ஏற்பட்ட காயமும் ஆறவில்லை.

மதிய உணவு தந்தவரைத் தோற்கடித்தது நன்றி கெட்ட செயல் அல்லவா என்று இன்றும் பலர் வருந்துகிறார்கள். திருவள்ளுவர் செய்ந்நன்றி அறிதலுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்த மண் இது; அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் விவரங்களைக் கூர்ந்து நோக்கினால் வேறொன்றும் புலப்படும். 1962-இல் காங்கிரஸ் பெற்ற வாக்குகள் நூற்றுக்குச் சுமார் 46. 1967-இல் சுமார் 41. ஆக, நூற்றுக்கு ஐந்து வாக்குகளே குறைந்தன! அக்கட்சியின் வாக்காளர்களில் பெரும்பாலோர் பற்றுடன்தான் நின்றார்கள். சிலர் விலகியதும், எதிர்க்கட்சிகள் கூட்டணியாகச் சேர்ந்ததும் ஆட்சியையே மாற்றிவிட்டன. 206 இடங்களில் 139-ஐ வென்றிருந்த கட்சி, 234 இடங்களில் 51-ஐ மட்டுமே பெற்றது. காமராஜரை மக்கள் மறந்துவிடவும் இல்லை. 1969-இல் நாகர்கோவில் வாக்காளர்கள் அவரை இடைத்தேர்தலில் வெற்றி பெறச் செய்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். நன்றி ஒருபுறம் இருந்தது. தீர்ப்பு ஒருபுறம் இருந்தது.

விலகுவது ஒன்றுதான் வழியா? இல்லை. 1965 பிப்ரவரியில் இந்திப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்தபோது, மத்திய அமைச்சர்களாக இருந்த சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தனர். அவர்கள் கட்சியை விட்டு ஓடவில்லை. தம் கட்சி செய்வது தவறு என்று கட்சிக்குள் நின்றே காட்டினார்கள். பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசி, ஆங்கிலம் தொடரும் என்று உறுதி கூறினார். அதன் பின்னர் அமைச்சர்கள் தம் கடிதங்களைத் திரும்பப் பெற்றனர். ஆனால் அந்த உறுதிக்குச் சட்ட வடிவம் கிடைத்தது 1967-ஆம் ஆண்டின் இறுதியில்தான். அதாவது, தமிழக வாக்காளர்கள் தீர்ப்பளித்த பிறகு. உள்ளிருந்து எழுந்த குரல், வெளியே சென்ற வாக்கு ஆகிய இரண்டிற்கும் அதில் பங்கு உண்டு எனலாம். அந்த அளகேசனையே 1977-இல் நம் அரக்கோணம் தொகுதி நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தது என்பது நாம் நினைவில் கொள்ளத்தக்க செய்தி.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1970-இல் வெளியிட்ட நூலில் இந்த இரு வழிகளையும் ஆராய்ந்தார். ரயில் ஊரில் வாழும் நமக்கு அவருடைய உதாரணம் எளிதில் விளங்கும். ஆப்பிரிக்காவின் நைஜீரியா நாட்டில் வடபகுதியில் விளைந்த வேர்க்கடலையைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல ரயில் இருந்தது. லாரிகள் போட்டிக்கு வந்தன. போட்டி வந்தால் ரயில்வே திருந்தும் என்றுதானே நாம் எண்ணுவோம்? அது திருந்தவில்லை. ஏன்? குறை சொல்லிச் சண்டையிட்டிருக்கக் கூடிய வாடிக்கையாளர்கள் சத்தமின்றி லாரிக்கு மாறிவிட்டார்கள். நட்டத்தை அரசுக் கருவூலம் ஈடுகட்டிவிடும் என்பதால் ரயில்வேக்கு அச்சமும் இல்லை. கேள்வி கேட்பார் இல்லாத இடத்தில் சீர்கேடு நிலைத்துவிட்டது.

கட்சிக்கும் இது பொருந்தும். அக்கறை உள்ளவர்கள் முதல் ஏமாற்றத்திலேயே வெளியேறிவிட்டால், உள்ளே தட்டிக்கேட்க ஆள் இராது. எவரும் எக்காலத்திலும் வெளியேற மாட்டார்கள் என்று தெரிந்துவிட்டாலோ, உள்ளே எழும் குரலை யாரும் காதில் வாங்கமாட்டார்கள். "எப்படியும் நமக்குத்தான் போடுவார்கள்" என்று கணக்கிடப்பட்ட தெருவுக்கு எதற்குச் சாலை போட வேண்டும்?

இன்னொரு கேள்வியும் உண்டு. பற்று என்கிறோமே, எதன் மீது பற்று? பெயர் மீதா, சின்னம் மீதா, தலைவர் மீதா, கொள்கை மீதா? கட்சிகளே நிலையாக இருப்பதில்லை. காங்கிரஸ் 1969-இல் பிளந்தது. தி.மு.க.விலிருந்து 1972-இல் அ.தி.மு.க. பிறந்தது. அரக்கோணம் நாடாளுமன்றத் தொகுதியின் வரலாற்றையே பார்ப்போம். 1977 முதல் 1991 வரை ஐந்து தேர்தல்களிலும் காங்கிரஸ் வென்றது. பிறகு 1996-இல் தமிழ் மாநில காங்கிரஸ், 1998-இல் அ.தி.மு.க., 1999-இல் தி.மு.க., 2004-இல் பா.ம.க., 2009-இல் மீண்டும் தி.மு.க., 2014-இல் அ.தி.மு.க. என்று ஒவ்வொரு முறையும் கட்சி மாறியது. 2019-லும் 2024-லும் தி.மு.க. தொடர்ந்து வென்றது. 1980-இல் காங்கிரஸ் சார்பில் வென்ற ஏ. எம். வேலுவே 1996-இல் தமிழ் மாநில காங்கிரஸ் சார்பில் வென்றார். கூட்டணிகளும் மாறிக்கொண்டே இருந்தன. தலைவர்கள் அணி மாறும்போது அதற்கு அரசியல் என்று பெயர். வாக்காளர் மாறினால் மட்டும் துரோகம் என்று பெயரா?

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 1985-ஆம் ஆண்டின் கட்சித்தாவல் தடைச் சட்டம், ஒரு கட்சியின் சார்பில் வென்ற உறுப்பினர் தாமாகக் கட்சியை விட்டு விலகினால் பதவியை இழக்கச் செய்கிறது. அந்தக் கட்டு உறுப்பினருக்கே. வாக்காளரை எந்தச் சட்டமும் கட்டவில்லை. அதோடு, வாக்கின் இரகசியத்தையும் சட்டம் காக்கிறது. இது பெண்களாகிய நாம் மிகவும் கவனிக்க வேண்டியது. சென்னை மாகாணத்தில் 1921-இல் பெண்களுக்கு முதன்முதலாக வாக்குரிமை கிடைத்தபோது, சொத்துத் தகுதி உள்ள மிகச் சிலரே அதைப் பெற்றனர். இன்று அது நம் அனைவருக்கும் உரியது. தந்தையின் அறிவுரையைக் கேட்கலாம், அண்ணனுடன் வாதிடலாம். ஆனால் வாக்குப் பதிவு இயந்திரத்தின் முன் நிற்பது நாம் ஒருவரே. அங்கே பொறுப்பும் நம்முடையதே.

அந்தப் பொறுப்பை நிறைவேற்றுவது எப்படி? நற்செய்தியில் ஆண்டவர் இயேசு சொன்ன அத்திமர உவமையை நாம் மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். மூன்றாண்டுகளாகக் கனி தராத மரத்தை வெட்டிவிடச் சொல்கிறார் தோட்டத்துக்கு உரியவர். தோட்டக்காரரோ இன்னும் ஓராண்டு பொறுக்குமாறு வேண்டுகிறார். சும்மா பொறுக்கச் சொல்லவில்லை; சுற்றிலும் கொத்தி எருப் போடுவதாகச் சொல்கிறார். அதன் பிறகும் கனி தராவிட்டால் வெட்டிவிடலாம் என்று ஒப்புக்கொள்கிறார். இறைவனின் பொறுமையையும் நம் மனமாற்றத்தையும் பற்றிய உவமை அது. என்றாலும் நம் கேள்விக்கும் அது வழிகாட்டுகிறது. பொறுமை உண்டு, உழைப்பு உண்டு, ஒரு கெடுவும் உண்டு.

கொத்தி எருப் போடுவது என்றால் என்ன? வாக்களித்துவிட்டு ஐந்தாண்டுகள் உறங்காமல் இருப்பது; உறுப்பினரிடம் மனு கொடுப்பது; கிராம சபையில் எழுந்து கேட்பது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளின் தோல் பதனிடும் ஆலைக் கழிவுகளால் பாலாறும் கிணறுகளும் கெட்டன. ஆட்சிகள் மாறின, கழிவு நிற்கவில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்று 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது. கட்சி மாற்றத்தால் மட்டும் ஆகாததைக் குடிமக்களின் விடாமுயற்சி தொடங்கி வைத்தது.

ஒரு கட்சியை விட்டு விலகுவதற்கும் நல்ல காரணம் வேண்டும். கோபமோ சாதியோ கைக்கு வந்த பணமோ காரணமாகக் கூடாது. 2019 ஏப்ரலில் பணப் பட்டுவாடாக் குற்றச்சாட்டால் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலே இரத்து செய்யப்பட்டு, ஆகஸ்டில் மீண்டும் நடந்தது. அது நம் வட்டாரத்துக்கு நேர்ந்த தலைகுனிவு. பணத்துக்காக மாறுவதும் தவறு. பணத்துக்காக நிற்பதும் தவறு.

ஆகவே, வாக்களிக்கும் முன் நாம் நம்மையே சில கேள்விகள் கேட்டுக்கொள்வோம். இக்கட்சி சொன்னதில் எதைச் செய்தது? செய்யாததற்குச் சொல்லும் காரணம் உண்மையா? தவற்றை ஒப்புக்கொள்கிறதா, மறைக்கிறதா? நாம் கேட்க வேண்டியதைக் கேட்டோமா? மாற்றாக நிற்பவர் இதைவிட மேலானவரா? மேலானவர் எவரும் இல்லை என்று மனச்சான்று சொன்னால், எவருக்கும் வாக்கில்லை என்ற பொத்தானும் 2013 முதல் இயந்திரத்தில் இருக்கிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, பொதுநலன் வளரத் தம் வாக்கைச் சுதந்திரமாகப் பயன்படுத்துவது குடிமக்களின் உரிமையும் கடமையும் என்று கற்பிக்கிறது. பொதுநலன் என்ற சொல்லே நம் கேள்விக்கு விடை. நன்றி நமக்கு உதவியவருக்கு நாம் செலுத்தும் கடன். அதை ஆயுள் முழுவதும் செலுத்தலாம். வாக்கோ நம் சொந்தச் சொத்து அன்று. வாக்கில்லாத குழந்தைக்கும், பேச வழியற்ற ஏழைக்கும், இனிப் பிறக்கப் போகும் தலைமுறைக்கும் சேர்த்து நம் கையில் தரப்பட்ட பொறுப்பு அது. பிறருடைய பொருளை எடுத்து நம் நன்றிக் கடனைத் தீர்க்கலாமா?

அன்புத் தோழியரே! உங்கள் வீட்டுத் தாத்தாவின் கட்சிப் பற்றை மதியுங்கள். அதன் பின்னுள்ள கதைகளைக் கேட்டு வாருங்கள். ஏமாற்றம் வந்தால் முதலில் வாய் திறந்து கேளுங்கள்; காலம் கொடுங்கள். அதன் பிறகும் மரம் கனி தராவிட்டால், கலங்காமல் வேறு முடிவெடுங்கள். பின்னொரு நாள் அதே மரம் திருந்திக் கனி தந்தால், திரும்பி வரவும் தயங்காதீர்கள். நன்றி நம் நெஞ்சில் என்றும் நிலைத்திருக்கட்டும். வாக்கை மட்டும் ஒவ்வொரு தேர்தலிலும் புதிதாகச் சிந்தித்து அளிப்போம்.