ஊவா மலையின் தப்பும் உலக மின்னிசையும்

தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி, மிடற்றுக்கருவி என இசைக்கருவிகளை ஐவகைப்படுத்துவது தமிழர் மரபு. தோலோ, காற்றோ, நரம்போ, உலோகமோ, மாந்தரின் குரல்நாணோ அதிர்ந்தாலன்றி இவற்றில் ஒலி பிறவாது. இருபதாம் நூற்றாண்டு இவற்றோடு ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தது. அது மின்கருவி. அதில் முதற்கண் அதிர்வது மின்னோட்டமே. அவ்வதிர்வு ஒலிபெருக்கியின் மெல்லிய கூம்பினை அசைத்த பின்னரே செவிக்கு ஒலியாகின்றது. விநாடிக்கு 440 முறை அலைவுறும் மின்னோட்டம் ஒரு சுரத்தினைத் தருமாயின், 880 முறை அலைவுறுவது அதே சுரத்தினை மேல் ஸ்தாயியில் தரும்.

மின்னிசை ஆக்குவோர்க்கு இரு வழிகள் உள. இவ்வாறு மின்னோட்டத்தினின்று புதியதோர் ஒலியைப் படைத்தல் ஒன்று. உலகில் ஏற்கெனவே உள்ள ஒலியைப் பதிவு செய்து, வெட்டியும் ஒட்டியும் விரைவை மாற்றியும் புதிய வடிவம் தருதல் மற்றொன்று. முன்னையதற்குக் கருவி போதும். பின்னையதற்கோ, பதிவு செய்வதற்கு ஒலி வேண்டும். அவ்வொலி எந்நாட்டார்க்கு உரியது என்பதிலேயே ஒரு நாட்டு மின்னிசையின் தனித்தன்மை பெரிதும் தங்கியுள்ளது.

அயல்நாடாகிய இந்தியாவில் இவ்விசை வளர்ந்த வரலாறு இதனை நன்கு விளக்கும். அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், அமெரிக்க இசைஞர் டேவிட் ரியூடரின் துணையோடு 1969ஆம் ஆண்டில் மின்னிசைக்கூடம் ஒன்று நிறுவப்பெற்றது. கீதா சாராபாய் முதலியோர் அங்கு ஆக்கிய இசை நெடுங்காலம் நாடாக்களிலேயே உறங்கிக் கிடந்து, 2023இல் இசைத்தட்டாக வெளிவந்தது. பம்பாய்த் திரையுலகில் வாத்தியக் கலைஞராக விளங்கிய சரண்ஜித் சிங், யப்பானிய மின்கருவிகளைக் கொண்டு பத்து இராகங்களை நடனத் தாளத்தோடு இணைத்து, 1982இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அன்று அதனை மதித்தோர் சிலரே. 2010இல் நெதர்லாந்தில் அது மறுபதிப்புப் பெற்றபோது, மேலைநாட்டு இரசிகர் வியந்து வரவேற்றனர். அவர்தம் நாட்டு இளைஞர் பின்னாளில் அதே கருவிகளைக் கொண்டு கண்ட இசையை அஃது ஒத்திருந்தமையும், அதனுள்ளே இராகங்கள் ஒலித்தமையும் அவ்வியப்புக்குக் காரணமாயின.

யாழ்ப்பாணத்தில் இளமையைக் கழித்து, இலண்டனில் வாழ்ந்து புகழ்பெற்ற மாயா அருள்பிரகாசம் 2007இல் வெளியிட்ட ‘கலா’ என்னும் இசைத்தொகுப்பும் இவ்வகையினதே. தமிழ்நாட்டு உறுமி மேளத்தின் ஒலி அதில் மின்தாளத்தோடு கலந்து உலகெங்கும் சென்றது. உறுமி தனது இயல்பை இழவாது ஒலித்தமையாலேயே, அது தனித்து அறியப்பட்டது.

இலங்கைக்கு ஒலியின் வழி வெளிநாட்டுப் புகழ் வந்தது இதற்கும் முன்னராகும். 1925இல் கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு, 1949இல் இலங்கை வானொலி என்னும் பெயர் பெற்றது. அகில இந்திய வானொலி திரையிசையை ஒதுக்கிய 1952ஆம் ஆண்டையொட்டி, இந்திய மக்கள் இலங்கை அலைவரிசையை நாடிக் கேட்டனர். ஆயின் அவ்வலை சுமந்து சென்றது பெரும்பாலும் இந்தியத் திரைப்பாடலே. ஒலியைத் தொலைவுக்கு அனுப்பும் ஆற்றல் ஒன்று. அனுப்புதற்குரிய சொந்த ஒலியைப் பேணிவைத்திருத்தல் வேறொன்று.

அத்தகைய சொந்த ஒலி பதுளையைச் சூழ்ந்த மலைகளில் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டினின்று வந்த மக்கள், தம்மோடு தப்பினையும் கொண்டுவந்தனர். பசறை, நமுனுகுலை, மடுல்சீமை, அப்புத்தளை முதலிய இடங்களின் தோட்டங்களில் விடியற்காலை பிரட்டுக்கு ஆளழைத்ததும், மாசி மாதத்துக் காமன் கூத்தில் இரதியையும் மதனையும் ஆடவைத்ததும், இறந்தோரை இறுதி வழிக்கு அனுப்பியதும் தப்பின் ஒலியே. இவ்வொவ்வொன்றுக்கும் அடி வேறு. தோட்டத்தில் வளர்ந்தோர், அடியைக் கேட்ட மாத்திரத்தில் லயத்தில் நிகழ்வது யாதென அறிவர்.

தப்பினை வாசிக்குமுன் தீயிற் காய்ச்சுவர். தோல் ஈரத்தை ஈர்க்கும் இயல்பினது. மூடுபனியில் அது நெகிழ, சுருதி தாழ்கின்றது. தீயின் வெப்பம் ஈரத்தைப் போக்க, தோல் இறுகிச் சுருதி உயர்கின்றது. ஆதலின் அப்புத்தளையின் பனியில் ஒலிக்கும் தப்பு, பதுளை நகரின் வெயிலில் அவ்வாறே ஒலிப்பதில்லை. கருவிகளோடு விற்பனைக்கு வரும் ஆயத்தத் தாள ஒலிகளில் இவ்வேறுபாட்டைத் தேடிப் பயனில்லை. அவற்றை ஆக்கினோர் இம்மலைக்கு வந்ததில்லை.

மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்து நூலாக்கிய சி. வி. வேலுப்பிள்ளை, அவற்றின் சொற்களை அழியாது காத்தார். தாளத்தைக் காப்பதற்கு அச்செழுத்து மட்டும் போதாது. அதற்கு ஒலிப்பதிவு வேண்டும். இப்பணிக்குக் குறுக்கே நிற்பது பொருட்குறை அன்று. சாவு வீட்டில் ஒலிப்பது என்பதனாலும், வாசிப்போரின் சாதி குறித்தும் தப்பின்மீது சுமத்தப்பட்ட இழிவே பெருந்தடையாகும். அவ்விழிவை அஞ்சி, வாசிப்போரின் பிள்ளைகளே அக்குச்சிகளைத் தொடத் தயங்குவர். இவ்விழிவைச் சுமத்திய சமூகமே அதனை நீக்குதற்கும் கடமைப்பட்டது.

முன்னர் ஒரு நிறுவனத்திற்கே இயன்ற ஒலிப்பதிவு, இன்று மாணவர் ஒருவரின் கைத்தொலைபேசியிலேயே இயலும். ஒவ்வோர் அடியையும் தனித்தனியே பதிந்து, தோட்டத்தின் பெயர், நாள், நிகழ்ச்சி ஆகியவற்றை உடன் குறித்தல் வேண்டும். வாசித்தவரின் இசைவைப் பெற்று, அவர் பெயரையும் தவறாது எழுதுதல் வேண்டும். அப்பெயர் இல்லையேல், நாளை அவ்வொலி உலகெங்கும் சென்றாலும் அதற்குரியவர் புகழும் ஊதியமும் பெறார். ஊவாவின் கல்லூரிகள் இதனை ஒரு பாடப்பணியாகவே மேற்கொள்ளலாம். அடியறிந்த முதியோர் வாழுங்காலத்திலேயே அது தொடங்கப்படுதல் வேண்டும்.