ஆர்சிங்க்: சின்ன 'ஏ' மட்டும் போதுமா?

முப்பது நாள் பேக்கப்பைப் பழைய சர்வரிலிருந்து புதியதுக்கு ஆர்சிங்க்கில் சின்ன 'ஏ' மட்டும் போட்டு நகலெடுத்தேன். பாதியிலேயே டிஸ்க் நிரம்பிடுச்சு.

காரணம் ஹார்டு லிங்க். மாறாத கோப்பு டிஸ்க்கில் ஒன்றுதான், பெயர்கள்தான் முப்பது. சின்ன 'ஏ' அனுமதி, நேரம், சிம்பாலிக் லிங்க் எல்லாம் காப்பாற்றும். ரூட்டாக ஓட்டினால் உரிமையாளரையும் காப்பாற்றும். ஆனால் ஹார்டு லிங்க்கைக் கவனிக்காது. முப்பது தனிக் கோப்பாக்கிவிடும்.

அதற்குப் பெரிய 'ஹெச்' சேர்க்கணும். எல்லா நாட்களையும் ஒரே ஓட்டத்தில் அனுப்பணும். ஏசிஎல் இருந்தால் பெரிய 'ஏ', கூடுதல் பண்புகளுக்குப் பெரிய 'எக்ஸ்'.

முடிந்ததும் இரண்டு பக்கமும் 'டியூ' போட்டுப் பாருங்க. அளவு ரொம்ப வேறுபட்டால் பழைய டிஸ்க்கை அழிச்சிடாதீங்க.