டீச்சருக்கு இங்கிலீஷ் யார் சொல்லித் தருவது?

தொடக்கப் பள்ளியில் 'இங்கிலீஷ் டீச்சர்' என்று தனியாக ஒருவர் கிடையாது. வெளியில் இருக்கிற பலருக்கு இது தெரிவதில்லை. உத்திரமேரூர் ஒன்றியத்தில் நான் வேலை பார்க்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே பேர், தலைமையாசிரியரும் நானும். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் போட்டுக் கொடுத்த கணக்கு. ஆகவே ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகள் ஒரே அறையில் என் முன்னால் உட்கார்ந்திருக்கும். தமிழும் நான்தான், கணக்கும் நான்தான், இங்கிலீஷும் நான்தான். எமிஸ் செயலியில் வருகைப் பதிவு ஏற்றுவதும் சத்துணவு முட்டையை எண்ணுவதும் தனி.

என்னைப் போன்றவர்கள் எப்படி உருவானோம் என்பதையும் சொல்ல வேண்டும். பிளஸ் டூ வரை தமிழ் வழி. அதன்பின் இரண்டு வருட ஆசிரியர் பயிற்சிப் பட்டயம், அதுவும் தமிழில். இங்கிலீஷ் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறோம். ஆனால் சொந்தமாக ஒரு வாக்கியத்தை இங்கிலீஷில் சொல்லு என்று வேலைக்கு வரும் வரையில் எங்களை யாரும் கேட்டதில்லை. 2012-13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்தன. பலகை மாறியது, பாடநூல் மாறியது, பெற்றோர் முகத்தில் நம்பிக்கை வந்தது. டீச்சர் மட்டும் அதே டீச்சர்.

பயிற்சியே இல்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியதிலிருந்து பருவம் தோறும் பயிற்சி உண்டு. தமிழ், கணக்கோடு இங்கிலீஷும் அதில் அடக்கம். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, ஆசிரியருக்குக் கையேடு, பிள்ளைக்குப் பயிற்சி நூல் என்று கொடுக்கிறார்கள். பயிற்சிக் கட்டகம் சென்னையில், மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் தயாராகும். மாநிலக் கருத்தாளர்கள் அங்கே கற்றுக்கொண்டு மாவட்டக் கருத்தாளர்களுக்குச் சொல்வார்கள். எங்கள் மாவட்டத்து ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் (டயட் என்றால்தான் கண்டக்டருக்கும் புரியும்) எங்கள் உத்திரமேரூர் பக்கத்திலேயே களியாம்பூண்டியில் இருக்கிறது. 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு மாவட்டத்துக்கு ஒன்றாக வந்த நிறுவனங்களில் ஒன்று அது. அங்கிருந்து வட்டார வள மையம், அதிலிருந்து குறுவள மையம், கடைசியில் நாங்கள்.

இந்த அடுக்கு இன்று நேற்று வந்ததில்லை. 1950களின் இறுதியில் அன்றைய சென்னை மாநிலத்தில் பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு ஒரு பெரிய முயற்சி நடந்தது. தொடக்க நிலையில் இங்கிலீஷ் சொல்லித்தரும் 27,000 ஆசிரியர்களுக்கும் புது முறையில் பயிற்சி கொடுத்துவிட வேண்டும் என்பது திட்டம். முதலில் சிலருக்குக் கற்றுக்கொடுப்பது, அவர்கள் பலருக்கு, அந்தப் பலர் இன்னும் பலருக்கு. இதற்கு 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்றே பெயர் வைத்தார்கள். பனிப்பந்து உருள உருளப் பெரிதாகும் என்ற நினைப்பு. நம் வெயிலில் உருட்டினால் என்ன ஆகும் என்று அன்றைக்கு யாராவது கேட்டார்களா தெரியாது. 'திஸ் இஸ் எ பென், தட் இஸ் எ புக்' என்று வாக்கிய அமைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பழக்குகிற முறை அது. என் அம்மா படித்த இங்கிலீஷ் அதுதான். இன்றைக்கும் அந்த வாக்கியங்களை ராகத்தோடு சொல்வார்.

அடுக்கு இறங்க இறங்க எது தங்குகிறது, எது உதிர்கிறது என்று பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். தாள் தங்கிவிடும். பிபிடி தங்கிவிடும். சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவும் தங்கிவிடும். பேச்சுதான் முதலில் உதிரும். சென்னையில் இங்கிலீஷில் நடக்கும் பயிற்சி மாவட்டத்துக்கு வரும்போது பாதித் தமிழாகும். குறுவள மையத்துக்கு வரும்போது முழுத் தமிழ். இங்கிலீஷ் எப்படிப் பேசவைப்பது என்பதைத் தமிழில் கேட்டு, தமிழில் குறிப்பெடுத்து, நாலு மணிக்கு வருகையைப் பதிந்துவிட்டுப் பஸ் பிடிப்போம். அசர் என்னும் கல்வி நிலை ஆய்வை 2016இல் எடுத்தபோது நாட்டின் கிராமப்புற ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் எளிய இங்கிலீஷ் வாக்கியம் படிக்கத் தெரிந்தவர்கள் 24.7 சதவீதம். 2022இல் 24.5. நடுவில் கொரோனா வந்தது உண்மைதான். அதற்கு முன்னும் பின்னும் எத்தனை பயிற்சிகள் நடந்தன என்பதும் உண்மைதான்.

உருப்படியாக மனதில் நின்ற பயிற்சி எது என்று கேட்டால் ஒரு காகிதத் துண்டைச் சொல்வேன். கருத்தாளராக வந்த சார் பழைய விடைத்தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து ஆளுக்கொன்று கொடுத்தார். உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு 'பென்' என்று சொல்லச் சொன்னார். காகிதம் அசையவில்லை. அவர் சொன்னார், படபடத்தது. அடுத்து 'பெல்'. அவர் சொன்னபோதும் அசையவில்லை.

நமக்கு 'ப' ஒன்றுதான். 'பல்' என்னும்போது ஓர் ஒலி, 'பஸ்' என்னும்போது இன்னோர் ஒலி, 'அம்பு' என்றால் பஸ்ஸில் வருகிற அதே ஒலி, எழுத்து மாறுவதில்லை. இங்கிலீஷில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. போதாததற்கு, 'பென்'னில் வரும் ஒலியைக் கொஞ்சம் காற்றோடு தள்ளிச் சொல்ல வேண்டும். பிள்ளை சொல்வதெழுதலில் ஓர் எழுத்துக்குப் பதில் இன்னோர் எழுத்தைப் போட்டால் அது சோம்பேறித்தனம் இல்லை, அதன் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கிறது. இது தெரிந்த டீச்சர் சிவப்புப் பேனாவை எடுக்கமாட்டார், காகிதத்தைக் கிழிப்பார். மறுநாள் என் வகுப்பில் செய்தேன். எச்சில் தெறித்ததில் முதல் வரிசை முழுக்க ஈரம். ஒரு பையன் 'பென்' சொல்லாமல் ஊதியே காகிதத்தைப் பறக்கவிட்டு ஜெயித்துவிட்டதாக அறிவித்தான்.

உச்சரிப்பு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. 'இஸ்கூல்' என்று சொல்கிற டீச்சரிடம் படித்தும் பிள்ளைகள் நன்றாகப் பேசுவார்கள். வாயே திறக்காத டீச்சரிடம் படித்தால்தான் கஷ்டம். இன்னொன்றையும் கட்டகம் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் உண்டு, இருளர் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குப் பாடநூல் தமிழே பள்ளிக்கூடத்துக்கு வந்து கற்றுக்கொள்வதுதான். தமிழில் விளக்கிவிட்டால் எல்லாருக்கும் புரிந்துவிடும் என்ற நினைப்பு அங்கே செல்லாது.

எங்கள் பக்கம் இருந்த ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர் வேறு ஒன்று செய்தார். பள்ளி பள்ளியாகப் போய் இங்கிலீஷ் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, டீச்சர் வாயிலிருந்து வந்த இங்கிலீஷ் வாக்கியங்களை அப்படியே எழுதிக்கொண்டார். குறை, நிறை எதுவும் எழுதவில்லை. குறுவள மையக் கூட்டத்தில் அந்தத் தாள்களைப் பெயரில்லாமல் மேசைமேல் பரப்பினார். எது யாருடையது என்று எங்களுக்கே தெரியவில்லை. எல்லாத் தாளும் ஒரே மாதிரி. சிட் டவுன். ஓப்பன் யுவர் புக். ரிப்பீட் ஆஃப்டர் மீ. கீப் கொயட். கம் ஹியர்.

"எல்லாமே ஆர்டரா இருக்கே டீச்சர்," என்றார். "கேள்வி ஒண்ணுகூட இல்ல. பிள்ளைங்க எதுக்குப் பதில் சொல்லும்?"

அன்றைக்கு மதியம் முழுக்கக் கேள்விகளைத்தான் யோசித்தோம். பதில் நமக்கே தெரியாத கேள்வியாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. 'வாட் இஸ் திஸ்?' என்று பேனாவைக் காட்டிக் கேட்டால் அது கேள்வியே இல்லை என்றார். காலை உணவுத் திட்டம் கைகொடுத்தது. ஒரு புதன்கிழமை என் வகுப்பில் நடந்தது இது.

"வாட் டிட் யூ ஈட்?"

"பொங்கல் மிஸ்."

"ஓ, யூ ஏட் பொங்கல்! வித் சாம்பார்?"

"நோ மிஸ். சாம்பார் காரம்."

"தி சாம்பார் வாஸ் ஹாட்?"

"வாஸ் ஹாட் மிஸ். வெரி ஹாட்."

பிள்ளை பாதித் தமிழில் சொன்னதை டீச்சர் திட்டாமல், திருத்தாமல், முழு இங்கிலீஷ் வாக்கியமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிள்ளை அதில் ஒரு துண்டைப் பிடித்துக்கொள்ளும். மொழி கற்பித்தலைப் படித்தவர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் மழலைப் பேச்சுக்குப் பாட்டிமார் செய்வதும் இதைத்தான். ஆனால் இதைச் செய்ய டீச்சருக்கு அந்த நிமிடத்தில், பேப்பரைப் பார்க்காமல், ஒரு வாக்கியம் வாயில் வர வேண்டும். சிக்கல் அங்கேதான். எந்தக் கையேட்டிலும் அந்த வாக்கியம் இருக்காது, ஏனென்றால் சாம்பார் காரமாக இருக்கப் போவது கையேடு எழுதியவருக்குத் தெரியாது.

என்.எஸ்.பிரபு என்று ஓர் அறிஞர். சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தவர். 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை உள்ளிட்ட ஊர்களில் சாதாரணப் பள்ளிகளில் ஒரு பரிசோதனை நடத்தினார். இலக்கணத்தைத் தனியாக நடத்தாமல், கால அட்டவணை, வரைபடம் என்று கையில் கொடுத்துக் கணக்கு மாதிரிப் புதிர் போடவைப்பது. கவனம் விடையில் இருக்கும்போது மொழி தானாகப் படியும் என்பது அவர் கட்சி. உலகம் முழுக்க ஆசிரியர் பயிற்சிகளில் இன்றும் அந்தப் பரிசோதனையைச் சொல்கிறார்கள். பிற்பாடு அவரே, எல்லாருக்கும் பொருந்தும் சிறந்த முறை என்று ஒன்று இல்லை, தான் செய்வது பலிக்கும் என்று டீச்சருக்கே உள்ளூர ஒரு நம்பிக்கை இருப்பதுதான் முக்கியம், இயந்திரம்போல் நடத்துவதுதான் எதிரி என்று 1990இல் எழுதினார். நான் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு நேரத்தைப் பலகையில் எழுதிப் போட்டு, செங்கல்பட்டில் பத்து மணிக்கு இருக்க வேண்டுமானால் எந்த வண்டி என்று கேட்பதுண்டு. "சைட் சீட் வேணும்னா அதுக்கு முந்தின வண்டி மிஸ்" என்று ஒரு பெண் தமிழில் சொன்னாள். அதை இங்கிலீஷில் திருப்பிக் கொடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பெங்களூருவில் 1963இல் தொடங்கிய தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனம் இருக்கிறது. தென் மாநில ஆசிரியர்கள் அங்கேயே தங்கி 30 நாள் படிக்கலாம். எனக்குத் தெரிந்த டீச்சர் ஒருவர் போய்வந்தார். என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால் பாடத்தைப் பற்றி அவர் அதிகம் சொல்லவில்லை. அறைத் தோழி கேரளாக்காரர், இவருக்கு மலையாளம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. பக்கெட் கேட்பதிலிருந்து வீட்டுக் கதை வரைக்கும் இங்கிலீஷ்தான். "அதுலதான்க்கா வாய் திறந்துச்சு," என்றார். எத்தனை பேருக்குப் பிள்ளையை விட்டுவிட்டு ஒரு மாதம் போக முடியும்?

கருத்தாளர்களாக ஏன் எப்போதும் அதே முகங்கள் என்பதும் எனக்கொரு கேள்வி. எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, 921ஆம் ஆண்டு, ஊர்ச் சபை வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த குடவோலை விதிகளைச் சொல்கிறது. வயது 35க்கு மேல் 70க்குள், சொந்த மனையில் வீடு, என்று போகும் தகுதிகளில் ஒன்று, கடந்த மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வரக்கூடாது என்பது. கருத்தாளர் பட்டியலுக்கு அந்த ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நன்றாகப் பேசுகிறவரே பேசிக்கொண்டிருந்தால் அவர் இங்கிலீஷ்தான் வளரும். பேசத் தயங்குகிறவரை நிறுத்தி, மற்றவர்கள் சிரிக்காமல் இருந்தால், ஒரே பருவத்தில் அவர் மாறிவிடுவார்.

பட்டியல் மாறும் வரை காத்திருக்க முடியாது என்று நாங்கள் சில பேர் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். ராத்திரி, பாத்திரம் தேய்த்த பிறகு, ஆளுக்கு ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ், இங்கிலீஷில். அன்றைக்கு வகுப்பில் நடந்தது ஏதாவது ஒன்று. யாரும் யாருக்கும் இலக்கணம் திருத்தக் கூடாது. கேள்வி மட்டும் கேட்கலாம். "நான் பேசினா சிரிக்கக் கூடாதுக்கா" என்று சொல்லித்தான் ஒருவர் சேர்ந்தார். "சிரிச்சா அடுத்தது நான்தானே பேசணும்" என்றேன். ஆரம்பத்தில் எல்லாரும் எழுதிவைத்துப் படித்தார்கள், காகிதம் சரசரப்பது போனில் கேட்கும். இப்போது நடுவில் குக்கர் விசில் கேட்கிறது, 'வெயிட், ஒன் மினிட்' என்று எழுந்து போய்விட்டு வந்து தொடர்கிறார்கள்.

இந்தப் பருவத்தில் இரண்டு சார்கள் சேர்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் தலைமையாசிரியர், அடுத்த வருடம் ஓய்வு. பல நாள் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். அவருடைய முதல் மெசேஜ் ஸ்மார்ட் கிளாஸ் திரை வந்து மாதக்கணக்காகியும் இன்டர்நெட் வராததைப் பற்றி. கோபத்தில் பேசியதால் ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை.