பின்கள மறுசீரமைப்பு (காற்பந்து)

பின்கள மறுசீரமைப்பு என்பது, காற்பந்து அணியொன்றில் வழக்கமாகக் களமிறங்கிவந்த தடுப்பாட்ட வீரர்கள் விலகிய பின்னர், அடுத்த பருவம் தொடங்கும் முன் அவ்விடங்களில் வேறு வீரர்களைப் பொருத்திப் பின்களத்தை மீண்டும் அமைப்பதாகும். கல்லூரி அணிகள் முதல் தொழில்முறைக் கழகங்கள் வரை அனைத்தும் இப்பணியை எதிர்கொள்கின்றன. சென்னையின் எஃப்சி கழகம் 2017 முதல் 2020 வரை ஆடிய மூன்று பருவங்கள் இதற்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் நல்ல எடுத்துக்காட்டாகும்.

வீரர்கள் விலகும் காரணங்கள்

கல்லூரி அணிகளில் விலகல் தவிர்க்க இயலாதது. இறுதியாண்டு மாணவர்கள் பட்டம் பெற்றதும் அணியிலிருந்து நீங்குவர். தொழில்முறைக் கழகங்களில் ஒப்பந்தம் முடிதல், வேறு கழகத்துக்கு மாறுதல், காயம், ஓய்வு ஆகியவை முதன்மைக் காரணங்கள்.

இந்தியன் சூப்பர் லீக்கில் வெளிநாட்டு வீரர் வரம்பும் இதனுடன் சேர்ந்துகொண்டது. 2017-18 பருவம் முதல் 2020-21 பருவம் வரை ஓர் அணி ஒரே நேரத்தில் 5 வெளிநாட்டு வீரர்களை மட்டுமே களத்தில் வைத்திருக்கலாம். அவர்களுள் எத்தனை பேரைப் பின்களத்துக்கு ஒதுக்குவது என்பது பயிற்றுநரின் பெரிய முடிவுகளுள் ஒன்றாக இருந்தது.

தடுப்பாட்டத்தின் இயல்பு

முன்கள வீரர் ஒருவர் தனித்திறமையால் கோல் அடித்துவிட முடியும். தடுப்பாட்டம் அவ்வாறன்று. நால்வர் வரிசையில் ஒருவர் பந்தை நோக்கி முன்னேறினால், அவர் விட்டுச்சென்ற இடத்தை அடுத்தவர் மூட வேண்டும். எதிரணியினரை ஆஃப்சைடு நிலையில் சிக்கவைக்க நால்வரும் ஒரே கணத்தில் முன்னே நகர வேண்டும்; ஒருவர் பின்தங்கினாலும் முயற்சி வீணாகும். கபடியில் பாடி வருபவரைக் கைகோத்து மடக்கும் சங்கிலியுடன் இதனை ஒப்பிடலாம். இப்புரிதல் சேர்ந்து ஆடிய ஆட்டங்களின் வழியாகவே உருவாகிறது. ஆகவே புதிய வீரரின் திறமையோடு, அவர் அருகில் ஆடுபவருடன் பொருந்துவதும் முக்கியமாகிறது.

சென்னையின் எஃப்சி (2017-2020)

2017-18 பருவத்துக்கு முன் பயிற்றுநர் ஜான் கிரகரியின் தலைமையில் பின்களம் ஏறத்தாழ முழுமையாக மாற்றப்பட்டது. போர்த்துக்கலின் என்றிக்கே செரெனோ, பிரேசிலின் மைல்சன் ஆல்வ்ஸ், எசுப்பானியாவின் இனிகோ கால்டெரோன் ஆகிய மூவரும் சேர்க்கப்பட்டனர். மிசோரத்தைச் சேர்ந்த இளம் வீரர் ஜெர்ரி லால்ரின்சுவாலா முந்தைய பருவத்திலிருந்து தொடர்ந்தார். சென்னை வியாசர்பாடியைச் சேர்ந்த தன்பால் கணேஷ் பின்களத்துக்கு முன்னே நின்று எதிரணியின் தாக்குதலை நடுக்களத்திலேயே தடுத்தார். 2018 மார்ச் 17 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் சென்னை அணி பெங்களூரு எஃப்சியை 3-2 என வென்று வாகையர் ஆனது. அவற்றுள் 2 கோல்களைப் பின்கள வீரர் ஆல்வ்ஸ் அடித்தார்.

அடுத்த பருவத்துக்கு முன் வழக்கமான நால்வருள் செரெனோ மட்டும் விலகினார். 2016 பருவத்தில் சென்னைக்கு ஆடியிருந்த பிரேசில் வீரர் எலி சபியா மீண்டும் சேர்க்கப்பட்டார். ஆனால் முழங்கால் காயத்தால் தன்பால் கணேசும் களமிறங்க இயலாமற் போனது. நடு மையப் பிணைப்பும் அதன் முன்னிருந்த அரணும் ஒருங்கே மாறின. 2018 அக்டோபரில் நார்த் ஈஸ்ட் யுனைடெட் அணிக்கு எதிரான ஆட்டத்தில் சென்னை 3 கோல்கள் அடித்தும் 3-4 எனத் தோற்றது. நடப்பு வாகையராகத் தொடங்கிய அணி, 18 ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே வென்று 10 அணிகளுள் கடைசி இடத்தைப் பெற்றது.

2019-20 பருவத்தில் ருமேனியாவின் லூசியான் கோயன் சபியாவுடன் இணைந்தார். கோல்காப்பாளராக விசால் கைத் வந்தார். தொடக்கம் சரியாக அமையவில்லை. கிரகரி விலக, 2019 டிசம்பரில் ஓவன் காயில் பயிற்றுநரானார். அதன் பின்னர் அணி எழுச்சி பெற்று இறுதி ஆட்டம் வரை முன்னேறியது. 2020 மார்ச் 14 அன்று ஏடிகே அணியிடம் 1-3 எனத் தோற்றது.

லீக் சுற்றின் 18 ஆட்டங்களில் சென்னை அணியின் நிலை:

- 2017-18: அடித்தவை 24, வாங்கியவை 19, இடம் 2
- 2018-19: அடித்தவை 16, வாங்கியவை 32, இடம் 10
- 2019-20: அடித்தவை 32, வாங்கியவை 26, இடம் 4

மூன்றாம் பருவத்தின் மீட்சியில் தாக்குதலின் பங்கே பெரிது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. அடித்த கோல்கள் இருமடங்காயின. வாங்கியவை 6 மட்டுமே குறைந்தன.

அமெரிக்கக் கல்லூரி ஆட்டம்

அமெரிக்கக் காற்பந்து வேறு விளையாட்டாயினும் சிக்கல் ஒத்ததே. அதில் தடுப்பதற்கென்றே தனியாக 11 பேர் களமிறங்குவர். 2021 பருவத்தின் தேசிய வாகையரான ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் தடுப்பணியிலிருந்து 5 பேர், 2022ஆம் ஆண்டின் தொழில்முறை வீரர் தேர்வில் முதற் சுற்றிலேயே தெரிவாயினர். தடுப்பாட்டப் பயிற்றுநர் டான் லானிங்கும் ஓரிகன் பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பயிற்றுநராகச் சென்றார். எனினும் 2022 பருவத்தின் முதல் ஆட்டத்தில் அதே ஓரிகன் அணியை ஜார்ஜியா 49-3 என வென்றது. 15 ஆட்டங்களிலும் வெற்றி பெற்று மீண்டும் வாகையரானது. ஆட்டமொன்றுக்கு விட்டுக்கொடுத்த சராசரிப் புள்ளிகள் 10.2இலிருந்து 14.3 ஆக உயர்ந்தன. முந்தைய பருவத்திலேயே மாற்றாட்டக்காரர்களாக இறங்கி அதே ஆட்டமுறையில் பழகிய ஜேலன் கார்ட்டர் போன்றோர் அணியில் இருந்தது பேருதவியானது.

மதிப்பீடு

விலகியோரின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் ஒரு பின்களத்தின் வருங்காலத்தைக் கணிக்க இயலாது. சென்னை அணி மூவரை மாற்றிய பருவத்தில் வாகை சூடியது. ஒருவரை மாற்றிய பருவத்தில் கடைசி இடம் பெற்றது. நீங்கியவர் எந்தப் பிணைப்பில் இருந்தார், அவருக்கு முன்னே நின்று காத்தவர் தொடர்கிறாரா, மாற்று வீரர் ஏற்கனவே அம்முறையில் ஆடிப் பழகியவரா என்பனவே கவனிக்கத்தக்கவை. ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர்களை இழக்கும் கல்லூரி அணிகளுக்கும் இது பொருந்தும். இளைய மாணவர்களை மூத்தவர்கள் இருக்கும்போதே அவர்களுடன் சேர்த்துக் களமிறக்குவது, அடுத்த ஆண்டுப் பின்களத்துக்கான ஆயத்தமாக அமையும்.