பஸ்சில் ஏறும்போதே வயிறு கலங்குகிறதா?

படிப்பை இடையில் நிறுத்திய பிள்ளைகளிடம் காரணம் கேட்டால் திருமணம், பணக் கஷ்டம், தூரம் என்றுதான் முதலில் பதில் வரும். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் வீடு வீடாகச் செல்வது எனது வேலை. இரண்டாம், மூன்றாம் தடவை போய், உம்மா குசினிக்குள் எழுந்து சென்ற பிறகுதான் சிலர் வாய் திறப்பார்கள்.

"மிஸ், பஸ்சில ஏறினா வயித்தக் கலக்குது. நடுவுல இறங்கிப் போக இடமில்ல. அதான் போறத விட்டுட்டன்" என்றாள் ஒரு பிள்ளை. உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்தவள். காலையில் சாப்பிடாமல், பின்னேரம் வரை தண்ணீர் குடிக்காமல் ஒரு வருடம் சமாளித்திருக்கிறாள். வீட்டில் நாவூறு என்று ஓதிப் பார்த்தார்கள். பாமசியில் கேட்டு மருந்து வாங்கினார்கள். வைத்தியரிடம் மட்டும் கூட்டிப் போகவில்லை. நோய்க்காரி என்று பெயர் வந்தால் யார் கலியாணம் முடிப்பார் என்பது உம்மாவின் பயம்.

வைத்தியர்கள் இதனை ஐ.பி.எஸ். என்பார்கள். குடல் அளவுக்கு மீறி உணர்ச்சிவசப்படும் நிலை என்று சொல்லலாம். வயிற்றுவலி வாரத்தில் ஒரு நாளாவது வரும். மூன்று மாதங்களாகத் தொடரும். மலம் கழிப்பதோடு அந்த வலிக்குத் தொடர்பு இருக்கும். சிலருக்கு வயித்தாலடி, சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்கு இரண்டும் மாறி மாறி. மாதவிடாய் நாட்களில் கூடும். சோதனை செய்தால் புண்ணோ கட்டியோ தெரியாது. அதனாலேயே "நடிக்கிறாள்" என்ற பேச்சும் கிளம்பும். நடிப்பல்ல. மூளைக்கும் குடலுக்கும் இடையே நரம்புகள் வழியாக ஓயாத பேச்சு நடக்கிறது. பயம் வந்தால் குடல் முறுகும், குடல் முறுகினால் பயம் கூடும்.

களனிப் பல்கலைக்கழகத்தின் நிரங்க தேவநாராயண, ஷமன் ராஜிந்திரஜித் ஆகிய வைத்திய ஆய்வாளர்கள் எமது நாட்டுப் பாடசாலைப் பிள்ளைகளை ஆராய்ந்து, குடும்பத்திலும் பாடசாலையிலும் மன நெருக்கடிக்கு உள்ளானவர்களிடம் இந்நோய் கூடுதலாக இருப்பதைக் காட்டினார்கள். யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் இழப்புகளைச் சந்தித்த வீடுகளில் வளரும் பிள்ளைகளைப் பற்றி நான் வேறு என்ன சொல்ல வேண்டும்?

குடல் தொற்றும் இதற்கு ஒரு காரணம். கனடாவின் வோக்கர்டன் என்ற சிறு நகரில் 2000 மே மாதம் குடிநீரில் கிருமி கலந்து 2,300 பேரளவில் நோயுற்றனர், 7 பேர் இறந்தனர். தப்பியவர்களில் சிலருக்கு எட்டு வருடங்கள் கழிந்தும் வயிற்றுக் கோளாறு நீங்கவில்லை. கடும் வயிற்றோட்டம் வந்தவர்களில் பத்துக்கு ஒருவர் அளவில் இப்படி ஆவதுண்டு. முகாம்களில் கலங்கல் தண்ணீர் குடித்தவர்கள், இருட்டும் வரை மலத்தை அடக்கிக்கொண்டு இருந்தவர்கள் இதை வாசிக்கும்போது தமது வயிற்றையும் நினைத்துப் பார்ப்பார்கள்.

இனி, படிக்கும் பிள்ளை என்ன செய்யலாம் என்று பார்ப்போம். பட்டினியாகப் போவது சரிவராது. சாப்பிட்டவுடன் பெருங்குடல் அசையத் தொடங்கும். அது உடலின் இயல்பு. அதனால் பஸ்சுக்கு ஒரு மணித்தியாலம் முன்னரே எழுந்து கொஞ்சம் சாப்பிட்டு, அவசரமில்லாமல் மலசலகூடம் போய் வந்தால் வழியில் தொல்லை குறையும். கன்டீனில் கிடைக்கும் பணிஸ், ரோல்ஸ், பால் தேநீர் ஆகியவை பலருக்கு ஒத்துக்கொள்ளாது. கோதுமை, பால், வெங்காயம், உள்ளி, பருப்பு ஆகியவை குடலில் புளித்துக் காற்றை உண்டாக்கும் என்று அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தார் விளக்கியிருக்கிறார்கள். சோறு, மீன், முட்டை, கரட், கத்தரிக்காய் பெரும்பாலும் தொல்லை தராது. உள்ளி இல்லாமல் கறியா என்று கேட்பீர்கள். எண்ணெயில் உள்ளியைப் பொரித்து எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளியுங்கள். வாசம் வரும், தொல்லை தரும் சத்து எண்ணெயில் கரையாது. சில வாரங்கள் விலக்கிப் பார்த்து, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து, எது தனக்கு ஆகாது என்று கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். எல்லாவற்றையும் நிரந்தரமாக விலக்கினால் ஏற்கெனவே இரத்தச்சோகை உள்ள பிள்ளை இன்னும் மெலிந்து போவாள். நார்ச்சத்து வேண்டும் என்று தவிட்டைக் கொடுக்காதீர்கள். அது வயிற்றை ஊதச் செய்யும், இசப்கோல் நல்லது.

மருந்தும் உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அமிற்றிப்டிலின் மாத்திரையைச் சிறிய அளவில் கொடுப்பதால் பலன் உண்டு என்று 2023 இல் பிரித்தானியாவில் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. வைத்தியர் அதை எழுதினால் "பைத்திய மாத்திரை" என்று வீசிவிட வேண்டாம். குடல் நரம்பை அமைதிப்படுத்தவே தருகிறார்கள்.

காற்றுப் பிரிந்து அடிக்கடி வுழூ முறிவதாகக் கண்கலங்கிய பிள்ளைகளும் உண்டு. தொடர்ச்சியாக இப்படி இருப்பவர்களுக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. வெட்கப்படாமல் ஒரு மௌலவியாவிடம் கேளுங்கள்.

பிள்ளை மட்டும் மாறினால் போதுமா? நான் படித்த இடத்தில் பெண்கள் மலசலகூடத்தின் சாவி ஓர் ஆண் ஊழியரின் மேசையில் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவரிடம் போய்க் கேட்க வேண்டும். எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? விரிவுரையாளர் ஒருவரிடமாவது விடயத்தைச் சொல்லிக் கதவோரம் இருக்கை கேட்கலாம். பரீட்சைக் காலத்துக்கு முன்னரே வைத்தியச் சான்றிதழ் எடுத்து வைக்கலாம். தனியே சொல்லத் தயங்கினால் எம்மைப் போன்ற ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள்.

மலத்தில் இரத்தம், காரணமின்றி மெலிதல், காய்ச்சல், தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றோட்டம், நெருங்கிய உறவில் குடல் புற்றுநோய் ஆகியவற்றில் ஏதும் இருந்தால் இதனை ஐ.பி.எஸ். என்று நீங்களாக முடிவு செய்யக்கூடாது. கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. முதல் நாள் காலையில் போகும்போது உணவுக் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். வைத்தியர் கேட்கும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் அதிலேயே இருக்கும்.